வான் கதவு

சனிக்கிழமை மத்தியானம் சங்கு ஊதினால் என் புருஷன் எழும்பி ஓடுவார். மடியில் சாப்பாட்டுக் கோப்பை இருந்தால் கோப்பையோடு ஓடுவார். ஒருநாள் குளியலறையிலிருந்து சவர்க்கார நுரையும் ஈரச் சாரமுமாக ஓடிவந்து, யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். கீழே தெருவில் ஒரு கிழவன் நாயோடு போய்க்கொண்டிருந்தான். நாய்கூடத் தலையை நிமிர்த்தவில்லை.

அது தீயணைப்பு நிலையத்துக் கூரையில் இருக்கிற சங்கு. வேலை செய்கிறதா என்று கிழமைக்கு ஒருக்கால் ஊதிப் பார்ப்பார்கள். அந்த ஊர்ப் பச்சைக் குழந்தைக்கும் அது தெரியும். என் புருஷன் கதிர்காமநாதனுக்கும் தெரியும். "சும்மா ஊதிப் பாக்கிறாங்கள், இருங்கோ" என்று நான் சொல்லுவேன். "ஓம், தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ஓடுவார். திரும்பி வந்து கதிரை நுனியில் இருப்பார். பிறகும் எழும்புவார். போட்ட சோற்றை முழுக்கச் சாப்பிட்டு எழும்பின சனிக்கிழமை ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

எங்கள் ஹைம் முந்தி ஹோட்டலாக இருந்த கட்டடம். வியாபாரம் படுத்துப்போக, அகதிகளைக் கொண்டுவந்து அறைக்கு ஒரு குடும்பமாக அடைத்திருந்தார்கள். பக்கத்து அறை லூர்தம்மா அக்கா படியில் நின்று, "கதிர் அண்ணைக்குச் சங்கு ஊதியாச்சு" என்று சொல்லிச் சிரிப்பா. எனக்குச் சிரிப்பும் வரும், பற்றிக்கொண்டும் வரும். நான் என் புருஷனைப் பேசலாம். மற்றவர்கள் பேசக்கூடாது.

எனக்குச் சங்கு என்றால் வேறு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சீமெந்து ஆலை இருந்தது. அப்பாவுக்கு அங்கேதான் வேலை. மத்தியானச் சங்கு ஊதினால் ஊர் முழுக்க அகப்பை பானைக்குள் போகும். நான் சாப்பாட்டு அடுக்கைத் தூக்கிக்கொண்டு ஆலை வாசல் படலைக்கு ஓடுவேன். அந்தப் பழக்கம் கடல் கடந்தும் விடவில்லை. சனிக்கிழமைச் சங்கு ஊதுகிற சத்தம் கேட்டவுடன் என் கை தானாகக் கோப்பையை எடுத்துச் சோறு போடும். அவர் ஓட, நான் சோறு போட, அப்படித்தான் போனது ஜெர்மனியில் எங்கள் சனிக்கிழமை.

மற்ற நாட்களில் மட்டும் மனுசன் சும்மா இருந்தாரா? யாரோ குழாயைச் சரியாகப் பூட்டாமல் விட்டால் மூன்று மாடியும் ஏறி இறங்கித் தேடிப் பூட்டிவிட்டு வருவார். மழை பெய்தால் ஹைமுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலைப் போய்ப் பார்ப்பார். முழங்கால் அளவு தண்ணீர். அதற்குள் என்ன இருக்கிறதோ. எங்களுக்கு மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. அவர் எல்லைப் பலகை வரைக்கும் நடந்து போய், அதைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார். "கால் தேயும், ஆனா அலைச்சல் தேயாது உங்களுக்கு" என்று நான் ஏசுவேன். காரணம் எனக்குத் தெரியும், தெரிந்தும் ஏசுவேன். வேறு என்ன செய்ய?

காரணம் ஓர் ஆறு. நான் கண்ணால் காணாத ஆறு, காதால் மட்டும் கேட்டது.

கலியாணம் முடிந்த கையோடு அவர் அரபு நாட்டுக்குப் போனவர். அதற்கு முன்னம் வன்னியில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் குளத்துக் கதவுகள் பார்த்தவர். எங்கள் பக்கத்தில் அணை கட்டி மறித்த தண்ணீர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது குளம்தான். குளம் நிறைந்து மிஞ்சின தண்ணீர் போகிற வழி வான். அதை அடைக்கிற கதவு வான் கதவு. அந்த அனுபவத்தைப் பார்த்துத்தான் அவரை எடுத்தார்கள். பாலைவனத்துக்கு நடுவில் ஓர் ஆற்றை மறித்து ஜெர்மன் பொறியியலாளர்கள் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். வருடத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீர் இல்லாத ஆறு. மலையில் மழை பெய்தால் ஒரேயடியாக வந்து, ஒரேயடியாக மண்ணுக்குள் போய்விடும். அப்படிப்பட்ட ஆற்றுக்கு அந்தச் சனம் வாதி என்று பெயர் வைத்திருந்தது. நீதிமன்றத்துக்கு ஆறு ஏன் போகுது என்று நான் அப்போது கேட்டுச் சிரித்தேன். பிறகு உண்மையாகவே போனது.

கடிதம் எழுத அவருக்குப் பஞ்சி, பேனை பிடிக்கச் சோம்பல். கசெற்றில் பேசி அனுப்புவார். முதல் வந்த கசெற்றில் ஆடு கத்துகிற சத்தம், பெண்கள் பிள்ளைகளை ஏசுகிற சத்தம், பேரீச்ச மரங்களுக்குள் காற்று. "கேக்குதோ மகாதேவி, இது தண்ணி ஓடுற சத்தம். நாளைக்கு இராது" என்பார். அடுத்தடுத்து வந்தவற்றில் வெடி, கல் உடைக்கிற இயந்திரம். அவர் கத்திப் பேசுவார், பாதிதான் விளங்கும். பிறகு ஒரு கசெற் வந்தது; தொடக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. பழுதோ என்று தட்டிப் பார்த்தேன். "குளம் நிறைஞ்சிட்டுது, மகாதேவி. மற்றக் கரை தெரியேல்லை" என்று மெல்லமாகச் சொன்னார். பின்னால் தவளை கத்தியது. பாலைவனத்தில் தவளை!

அதற்குப் பிறகு உர ஆலை வந்தது. குளத்துத் தண்ணீரைக் குழாயில் ஆலைக்கு எடுத்தார்கள். அணைக்குக் கீழே ஆறு வெறும் மணலாகிப் போனது. கிணறுகள் உவர்த்துப்போக, பேரீச்ச மரங்கள் தலை கருகி நின்றன. மரம் ஏறின சனம் ஆலைக்குள் முறைவேலைக்குப் போனது. ஆலை ஒரு கரையில், தகரக் கூரை போட்ட புது வீடுகள் மறு கரையில். நடுவில் இருந்த ஆற்றுப் படுக்கை நடைபாதையாகிவிட்டது. சந்தை அதற்குள், பந்தடி அதற்குள், கலியாணப் பந்தலும் அதற்குள். "ஆறு செத்துப்போச்சு எண்டு சனம் முடிவு கட்டிப்போட்டுது" என்று ஒரு கசெற்றில் சொன்னார். அந்தக் காலத்தில் வந்த கசெற்றெல்லாம் அவர் குரலுக்கு அடியில் ஓர் இரைச்சல் இருக்கும். அது என்ன என்று கேட்டு எழுதினேன். "என்ன இரைச்சல்?" என்று என்னைத் திருப்பிக் கேட்டார். ஆலை இரைச்சல் அவருக்குக் கேட்காமல் போயிருந்தது.

இன்னொரு முறை பேச்சுக்கு நடுவில், "கொஞ்சம் பொறு" என்றார். சங்கு ஊதியது. "வேலை மாறுற நேரம். நான்தான் சுவிச்சை அமத்திறது" என்றார். வெள்ளம் வந்தால் சனத்தை எழுப்ப அணையில் வைத்த சங்கு அது. ஆலைக்கும் ஒரு சங்கு தேவைப்பட, இருக்கிறதைப் பாவிப்போம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு அப்பாவின் ஆலைச் சங்கு நினைவுக்கு வந்து, என் புருஷன் எங்கள் வீட்டுப் படலைக்கு வெளியில் நிற்கிற மாதிரி இருந்தது. அந்தக் கசெற்றைப் பல தரம் போட்டுக் கேட்டேன்.

பிறகு கசெற் வரவில்லை. எண்பத்து மூன்று ஆடியில் எங்கள் நாடு எரிந்தது, அவரால் வர ஏலாமல் போனது. அடுத்த வருடம் அவரே அங்கிருந்து ஓட வேண்டியதாயிற்று. கிழக்கு பேர்லினில் இறங்கி, ரயில் மாறி, மேற்குக்கு வந்து அகதி ஆனார். நான் பின்னால் வந்து சேர்ந்தேன். என்ன நடந்தது என்று துண்டு துண்டாகத்தான் சொன்னார், எப்போதும் நின்றபடி. மலையில் பெருமழை. குளம் நிரம்பி வழியப் பார்த்தது. அவர் வான் கதவைத் திறந்தார். கீழே ஆற்றுக்குள் சனம். கதவைத் திறந்த வெளிநாட்டுக்காரனைப் பிடி என்று பொலிஸ் தேட, கூட வேலை செய்த ஒருவர் அவரை ஒரு லொறியில் ஏற்றி விமான நிலையத்துக்கு அனுப்பிவிட்டார். "சங்கு ஊதேல்லையோ?" என்று ஒருநாள் கேட்டேன். எழும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஊதியிருக்க மாட்டார், மறந்திருப்பார் என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்பை மூடிக் கட்டி வைத்தேன்.

இப்போது வழக்குக்கு வருகிறேன்.

எங்கள் அகதி விண்ணப்பத்தை முதலில் தள்ளிவிட்டார்கள். அரபு நாட்டில் ஐந்து வருடம் பாதுகாப்பாக இருந்தவர், அங்கேயே இருந்திருக்கலாமே என்பது அவர்கள் கேள்வி. நாங்கள் நிர்வாக நீதிமன்றத்துக்குப் போனோம். என் விண்ணப்பம் அவருடையதில் தொங்கியது. அவரை அந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பினால் மறியலில் அடைப்பார்கள், எங்கள் நாட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் நான் ஒரே ஒரு வசனம் அவருக்குப் பாடமாக்கினேன்.

"ஒப்பந்தம் முடிஞ்சுது. அவ்வளவுதான். வேற ஒண்டும் வாய் திறக்கக் கூடாது. விளங்குதோ?"

"விளங்குது."

"சொல்லுங்கோ பாப்பம்."

"ஒப்பந்தம் முடிஞ்சுது" என்று சொல்லிவிட்டு எழும்பிக் குழாயைப் பார்க்கப் போனார். எங்கள் வழக்கறிஞர் லிண்டமனும் அது போதும் என்றுதான் சொன்னார். அணை, கதவு ஒன்றும் அவருக்குத் தெரியாது. நான் சொல்ல விடவில்லை.

எண்பத்தேழு புரட்டாதியில் ஒரு புதன்கிழமை விசாரணைக்கு டெர்மின் வந்தது. நான் விடிய எழும்பிப் புட்டு அவித்து, உருளைக்கிழங்குக் குழம்போடு மாஜரின் பெட்டியில் போட்டுப் பையில் வைத்தேன். நீதிமன்றத்துத் தாழ்வாரத்தில் மொழிபெயர்ப்பாளர் காத்திருந்தா. கிரிஜா என்று பெயர். தஞ்சாவூர்ப் பக்கம், பான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிற பிள்ளை. கறுப்புக் கோட்டும் சின்னப் பொட்டுமாக நல்ல லட்சணம்.

"கவலைப்படாதீங்க அக்கா. உங்க ஊர்த் தமிழ் எனக்கு இப்ப நல்லாவே பழகிடுச்சு. ஜன்னலை யன்னல்ம்பீங்க, வேனை வான்ம்பீங்க. முதல்ல ரொம்ப கன்ஃப்யூஸ் ஆவேன், இப்ப நோ ப்ராப்ளம்" என்று சிரித்தா. கெட்டிக்காரி என்று நானும் சிரித்தேன்.

எனக்கு ஜெர்மன் ஓரளவு விளங்கும். வகுப்புக்குப் போய்ப் படித்ததில்லை. துணி தோய்க்கிற இயந்திரத்துக்காக ஹைம் பொறுப்பாளர் பெண்சாதியோடு சண்டை பிடித்துப் படித்தது. என் புருஷனுக்கு வணக்கத்தையும் நன்றியையும் விட்டால் ஒன்றும் தெரியாது.

நீதிபதிக்குத் தடிமன். மூக்கைத் துடைத்துத் துடைத்துத்தான் கேள்வி கேட்டார். வெயில் நாள் என்று யன்னல் திறந்திருந்தது. ஊர், பெயர், பிறந்த திகதி எல்லாம் முடிந்தது. வாதி கதிர்காமநாதன் என்று கூப்பிட்டபோது எனக்கு அந்த ஆறு நினைவுக்கு வந்தது. பிறகு நீதிபதி கேட்டார்.

"அந்த நாட்டில் உங்களுக்கு வேலை இருந்தது. யாரும் உங்களைத் துன்புறுத்தவில்லை. ஏன் அங்கிருந்து வெளியேறினீர்கள்?"

கிரிஜா தமிழில் சொன்னா. நான் மனதுக்குள் ஒப்பந்தம், ஒப்பந்தம் என்று உருப்போட்டேன். அவர் எழும்பி நின்றார். இருந்து பேசலாம் என்று நீதிபதி கையைக் காட்டியும் நின்றார்.

"நான்தான் வான் கதவைத் திறந்தனான்" என்றார். "சனம் எல்லாம் போயிட்டுது. அதுக்குப் பிறகு பொலிஸ் என்னைத் தேடினது."

பாவி மனுசன், ஒரு வசனம் சொல்லிக் கொடுத்தேன், ஒரே ஒரு வசனம்! கிரிஜா ஜெர்மனில் சொல்லத் தொடங்கினா. காதைத் தீட்டிக் கேட்டேன். கதவு என்றா. க்ளைன்பஸ் என்றா. அந்தச் சின்ன வாகனத்தின் கதவை இவர்தான் திறந்துவிட்டார், ஆட்கள் எல்லாரும் போய்விட்டார்கள், அதனால் பொலிஸ் இவரைத் தேடியது என்றா.

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் வாயைப் பொத்திக்கொண்டேன். பிள்ளை எங்கள் தமிழைப் படித்த படிப்பு! வான் என்றால் வேன், அவ்வளவுதான். அணையும் இல்லை, ஆறும் இல்லை.

"எந்த ஆட்கள்?" என்று நீதிபதி நிமிர்ந்தார்.

"ஆலைச் சனம். பொம்பிளையள்தான் கூட" என்றார் இவர்.

லிண்டமன் துள்ளி எழும்பினார். மனுசன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கண்டதேயில்லை. தன் கட்சிக்காரர் வாகனத்தில் அடைத்துவைத்திருந்த தொழிலாளப் பெண்களைத் தப்பவிட்டிருக்கிறார், அதற்காகவே அந்த நாடு அவரைத் துரத்தியிருக்கிறது, இதைவிட வேறு என்ன காரணம் வேண்டும் என்று பொழிந்து தள்ளினார். நீதிபதி மூக்கைத் துடைக்க மறந்து எழுதினார். நான் நல்லூரானுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். எனக்கு இதில் வெட்கமில்லை. ஒரு பொய்யும் நாங்கள் சொல்லவில்லை. தானாக வந்த நல்லது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவருக்குத்தான் ஜெர்மன் தெரியாதே. அப்படியே போயிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு நல்ல மனது. நீதிபதி எழுதுகிற நேரத்தில் அவர் பக்கம் சாய்ந்து, "ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க, சார்" என்றா.

அவர் திகைத்துப் போய்ப் பார்த்தார். "என்ன நல்ல காரியம்?"

"அந்த லேடீஸைத் தப்பிக்க விட்டீங்களே. வேன் கதவைத் திறந்து."

அவர் முகம் எப்படி மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூன்று வருடமாக மூச்சை அடக்கிக்கொண்டிருந்தவர், ஒருக்கால் வெளியில் விட்ட மூச்சும் பிழையான இடத்துக்குப் போய்விட்டது என்று கண்டுகொண்டார்.

"பிள்ளை, அது வாகனம் இல்லை. குளத்து வான்."

"குளமா?"

"இஞ்சேருங்கோ!" என்று நான் கத்தினேன். "வாயை மூடிக்கொண்டு இருங்கோ! உங்கட தலையிலை நீங்களே மண் அள்ளிப் போடாதேங்கோ!"

நீதிபதி என்னைப் பார்த்தார். அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். கிரிஜா என்னைப் பார்த்தா, அவரைப் பார்த்தா. "கணவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிறார்" என்று ஜெர்மனில் சொன்னா. அது பிழைவிட்ட மொழிபெயர்ப்பு இல்லை, எனக்காகச் செய்தது. ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வந்தது. அவர் அதை வாங்கி, குடிக்காமல் மேசையில் வைத்தார்.

"நீங்கள் டாம் எண்டு சொல்லுறது, பிள்ளை. அதிலை மிஞ்சின தண்ணி போற பெரிய இரும்புக் கதவு. அதைத்தான் நான் திறந்தனான். சனம் தப்பிப் போகேல்லை. தண்ணியிலை போயிட்டுது. இதை ஐயாவுக்கு வடிவாச் சொல்லுங்கோ."

கிரிஜாவின் கை வாய்க்குப் போனது. பிறகு கையை இறக்கிவிட்டு, தான் தவறாக மொழிபெயர்த்துவிட்டதாகச் சொல்லி, எல்லாவற்றையும் திருத்திச் சொன்னா. லிண்டமன் மெதுவாக இருந்தார். நீதிபதி எழுதினதைக் குறுக்கே வெட்டினார். அந்தப் பேனைச் சத்தம் எனக்குக் கேட்டது.

"எத்தனை பேர் இறந்தார்கள்?"

"எடுத்த உடம்புகளுக்குக் கணக்குச் சொல்லிச்சினம். எடுக்காத சனத்துக்கு ஆர் கணக்குச் சொல்லுறது?"

"எச்சரிக்கை செய்யாமல் திறந்தீர்களா?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடிக் கட்டி வைத்த நினைப்பு அவிழ்ந்துவிட்டது.

"சங்கு ஊதினனான்" என்றார் அவர். "திறக்க முன்னம் ஊதோணும், ஊதினனான். ஏறி இறங்கிற சத்தம். வேலை மாறுறதுக்கு ஊதிறது ஒரே நீட்டு. இது வேற. ஊதிப்போட்டு மேலையிருந்து பாக்கிறன், சனம் கரையிலை ஏறேல்லை. இறங்கி வருது. மறு கரை வீடுகளிலையிருந்து பொம்பிளையள் ஆத்துக்கை இறங்கி வருகினம். கையிலை சாப்பாட்டு அடுக்கு. வெயிலுக்கு மினுங்குது. அதுகளுக்குச் சங்கு எண்டால் புருஷன்மாருக்குச் சோறு கொண்டுபோற நேரம். திரும்பவும் ஊதினன். இன்னும் கெதியா வருகினம், பிந்திப்போச்சு எண்டு. கத்தினன். கையைக் காட்டினன். எட்டத்திலை நிண்டு காட்டினால் ஆருக்குத் தெரியும்? தண்ணி அணைக்கு மேலாலை வரப் பாத்துது. அணை உடைஞ்சால் ஊரே இல்லை. திறந்தன்."

கிரிஜா ஒவ்வொரு வசனமாகச் சொன்னா. பிள்ளையின் குரல் இறங்கிக்கொண்டே போனது.

"அந்தச் சங்கை ஒவ்வொரு நாளும் முறைக்கு முறை அமத்தினது நான்தான், ஐயா. சத்தத்துக்குச் சோறு எண்டு அதுகளுக்குப் பழக்கினது என்ர கை."

நீதிபதி எழுதினதைத் திரும்ப ஒருக்கால் வாசித்தார். பிறகு இரக்கமில்லாத மனுசன் என்று சொல்ல முடியாத குரலில்தான் சொன்னார்: "இரண்டு சத்தமும் வேறு என்று நீங்களே சொல்கிறீர்கள். ஆபத்துச் சத்தம் கேட்டால் மனிதர்கள் ஓடுவார்கள். ஓடாமல் அதை நோக்கி வந்தார்கள் என்பதை நம்புவது எனக்குக் கடினமாக இருக்கிறது. நீங்கள் உண்மையாகவே ஊதினீர்களா?"

அவர் மேசையில் இருந்த தண்ணீர்த் தம்ளரைத் தள்ளி வைத்தார். இதைத்தானே நானும் கேட்டேன், இதே கேள்வியைத்தானே நானும் எனக்குள் வைத்திருந்தேன் என்று நெஞ்சு எரிந்தது. லிண்டமன் தன் வழக்குக் கோப்பை மூடினார்.

அப்போதுதான் வெளியில் சங்கு ஊதியது.

வருடத்தில் இரண்டு தரம் நாடு முழுவதும் சேர்த்து ஊதிப் பார்க்கிற நாள் அது. எங்களுக்கு என்ன தெரியும்? எல்லாப் பக்கத்துக் கூரையிலிருந்தும் ஒரேயடியாகக் கிளம்பியது. ஏறியது, இறங்கியது, திரும்பவும் ஏறியது. தட்டச்சு அடித்துக்கொண்டிருந்த பெண் எழும்பிப்போய் யன்னலைச் சாத்திவிட்டு வந்து இருந்தாள். நீதிபதி கைலேஞ்சியை எடுத்து மூக்கைச் சிந்தினார். லிண்டமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கிரிஜா ஒருக்கால் திடுக்கிட்டுச் சுற்றிப் பார்த்தா. ஒருவரும் அசையாததைக் கண்டு தானும் அசையாமல் இருந்தா.

இந்த முறை அவரும் ஓடவில்லை. ஓடப் போனவர் பாதியில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகத்தை அல்ல. என் மடியை.

நானும் குனிந்து பார்த்தேன். மாஜரின் பெட்டி மடியில் இருந்தது. மூடி திறந்திருந்தது. என் கையில் கரண்டி. காலைச் சாப்பாடு செமிக்காத நேரம், நீதிபதிக்கு முன்னால், புருஷனுடைய தலைவிதி எழுதப்படுகிற இடத்தில், நான் புட்டுக்கு மேல் குழம்பை விட்டுக்கொண்டிருந்தேன். எப்போது பையைத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சத்தம் ஓய்ந்தது. அறைக்குள் புட்டு மணந்தது.

"ஐயா, அங்கை பாருங்கோ" என்று அவர் விரலை நீட்டினார். "இப்பிடித்தான் வந்தவை."

கிரிஜா மொழிபெயர்த்தா. இந்த முறை பிழைவிட ஒன்றும் இல்லை. நீதிபதி என் கரண்டியைப் பார்த்தார். சாத்தியிருந்த யன்னலைப் பார்த்தார். கடைசியில் தன் கையில் இருந்த கைலேஞ்சியைப் பார்த்தார்.

"எழுதுங்கள்" என்றார் தட்டச்சுக்காரியிடம். "ஊதினார். ஆட்கள் அதைச் சாப்பாட்டு நேரம் என்று நினைத்தார்கள்."

அந்த நாட்டில் இருந்திருக்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை, இருவரும் இங்கே இருக்கலாம் என்று மாரி தொடங்க முன்னம் தீர்ப்பு வந்தது. லூர்தம்மா அக்கா கேசரி கிண்டினா. நான் அந்தத் தீர்ப்பை அவருக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். ஊதினார் என்ற சொல் வருகிற இடத்தில் நிறுத்தி, இன்னொருக்கால் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழும்பி யன்னலடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். இனியாவது மனுசன் ஓர் இடத்தில் இருப்பார் என்று நான் நினைத்தேன்.

எங்கே இருந்தார்? சனிக்கிழமைச் சங்கு ஊதினது, அவர் ஓடினார். என் கை கோப்பைக்குப் போனது. போன கையை நான் கண்டேன். மணலுக்குள் வெயிலில் மினுங்குகிற அடுக்குகளையும் கண்டேன்; எல்லாம் என் கை, என் அடுக்கு. கோப்பையைப் போட்டுவிட்டு நானும் ஓடினேன்.

இப்போது எங்கள் அறையில் இரண்டு பேர் ஓடுகிறோம். சோறு ஆறிப்போகிறது.